பேர் வெட்டு

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் எங்கள் தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மரண சகாய நிதியின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. நான் அந்த நிதியின் பொருளாளர். அன்று நானே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். 65 வயதைக் கடந்த உறுப்பினர்கள் இனி மாதச் சந்தா 5 வெள்ளியை (ரிங்கிட்டை) கட்ட வேண்டியதில்லை. அன்னதானத்துக்கும் துப்புரவுக்கும் நாங்கள் போடும் முறைப்பட்டியலிலும் அவர்கள் பெயர் இடம்பெறாது. இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய 1,500 வெள்ளி மட்டும் வழக்கம்போலச் சேர்ந்துவிடும். ஈப்போவில் வங்கி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, "பெரியவங்க இத்தனை வருசம் குடுத்தது போதும், இனிமே நாம பாத்துக்குவோம்" என்று வழிமொழிந்தார். மண்டபமே கைதட்டியது. கூட்டம் முடிந்து இட்லியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இரும்புக் கதவை யாரோ தட்டும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தால் ஆயாம்மா. மூன்று வரிசை தள்ளி இருக்கும் வீட்டிலிருந்து, பனிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குடையைத் தடியாக ஊன்றி நடந்து வந்திருந்தார். அவருக்கு 83 வயது. எனக்கும் என் தம்பி தங்கைகளுக்கும், அந்நாளில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில் ஏணைத் தொட்டில் ஆட்டியவர். அதனால் அவருடைய பெயரைச் சொல்லி அழைப்பவர் இன்று ஊரில் யாருமில்லை. எங்கள் சந்தாப் புத்தகத்தில் மட்டும்தான் அந்தப் பெயர் முழுதாக எழுதப்பட்டிருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நகைக்கடையில் கொடுக்கும் சிறு பையைத் திறந்து ஆறு சிவப்பு நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக விரித்து, என் மேசைமேல் வைத்தார். ஓராண்டுச் சந்தா.

"தம்பி, என் பேர வெட்டிட்டியாமே?"

"வெட்டல ஆயாம்மா. கட்ட வேணாம்னுதான் முடிவு பண்ணிருக்கோம். ஒங்களுக்குச் சேர வேண்டியது சேந்துடும்."

"அது நான் செத்தாத்தானே சேரும்? அதுவரைக்கும் நான் எந்தப் பொஸ்தகத்துல இருக்கேன்?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பசியாறிவிட்டுப் போங்கள் என்றேன். வீட்டில் பிள்ளைகள் எழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ரசீதைக்கூட வாங்காமல் போய்விட்டார். அந்த ஆறு நோட்டும் இரண்டு வாரம் என் மேசை இழுப்பறையில் கிடந்தன. கணக்கில் ஏற்றவும் வழியில்லை, திருப்பிக் கொடுக்கவும் துணிவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு, எந்தப் பத்தியிலும் சேராத பணத்தைப் போன்ற தொல்லை வேறில்லை.

பெரட்டில் விழும் பேர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளைத் தவிர இன்னொரு பொருளும் உண்டு. விடியற்காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து கூப்பிடுவார். குரல் கொடுத்தால் பேர் விழும். பேர் விழுந்தால் அன்றைய நாள் சம்பளம். மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை, பேரும் இல்லை. என் அம்மா மழையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை பேர் போயிற்று என்றுதான் கணக்குச் சொல்லுவார். வெளியார் கேட்டால் வெள்ளத்தில் ஆட்கள் போய்விட்டார்கள் என்றே எண்ணுவார்கள். தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடும் அந்தப் பேரோடு கட்டப்பட்டதுதான். பேர் உள்ளவரைக்கும் வீடு. பேர் போனால் வீடு போகும், அல்லது அதே வீட்டில் வேறொருவருடைய பேர் விழ வேண்டும். 55 வயதான கிழவரும் கிழவியும் லயத்தில் தொடர்ந்து இருந்தார்கள் என்றால், அவர்களுடைய மகனோ மகளோ மருமகளோ செக்ரோலில் இருந்தார் என்று பொருள். பிள்ளை வெளியூரில் வேலை தேடிக்கொண்டு முன்னேறிவிட்டால் பெற்றவர்களுக்கு வீடு இல்லை. எங்கள் லயத்தில் ஒருவர் நன்றாகப் படித்த தம் மகன் ஒரு வருடமாவது பால்மரம் வெட்டிவிட்டுப் போகட்டும் என்று கெஞ்சியதை நான் சிறுவனாக இருந்தபோது நேரில் பார்த்திருக்கிறேன். அதை அப்போது பிற்போக்குத்தனம் என்று நினைத்தேன்.

ஆனால், பேர் போவதென்பது ஒரே நாளில் நடந்ததில்லை. வழக்கப்படி 55 வயதில் முடிந்தாலும், அதற்கு முன்பே படிப்படியாக ஓர் இறக்கம் இருந்தது. அதற்குப் பின்பும் இருந்தது. கண் கூர்மையும் மணிக்கட்டும் உள்ளவரைக்கும் நிரை பிடித்துப் பால்வெட்டு. பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் போடத் தொடங்கினால் மேற்பார்வையாளரான மண்டோர் முதலில் திட்டுவார், பிறகு புல்வெட்டுக்கோ உரம் போடவோ அனுப்பிவிடுவார். அதுவும் முடியாதபோது லயத்து வாசல் கூட்டுவது, கோயிலைப் பார்த்துக்கொள்வது, பெண்களென்றால் ஆயாக்கொட்டகை. ஆயாம்மா அந்தக் கொட்டகைக்கு வந்தது முதுமையால் அன்று. 26 வயதில் ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் திராவகம் தெறித்து வலக்கண் பழுதாகிப்போனது. ஒற்றைக் கண்ணோடு பால்வெட்டுக்கு ஆகாது என்று, அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு கிழவிக்குத் துணையாக அனுப்பிவைத்தார்கள். இளமையிலேயே முதியவர்களின் வேலைக்குப் போனவர் அவர். இதைக் கடைசியில் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

என் தாத்தாவின் கதை வேறு. அவருக்கு 55 முடிந்தபோது சேமநிதிப் பணம் வந்தது. ஊழியர் சேமநிதி 1951-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு அவர் உழைத்த வருடங்களுக்குச் சேமிப்பாக எதுவுமில்லை, பின்பு உழைத்தவையும் நாட்கூலி. வந்த பணம் அத்தையின் கல்யாணத்தோடு கரைந்தது. அதன்பின் அவர் உளி தீட்டினார். மாலை நான்கு மணிக்கு லயத்துத் திண்ணையில் சாக்கை விரித்து, தகரக் குவளையில் தண்ணீரும், தட்டையான கல் ஒன்றும், ஓரம் ஆப்புபோல் தேய்ந்த சிறிய கல் ஒன்றும் வைத்துக்கொண்டு உட்காருவார். பால்வெட்டும் உளியின் முனை மடிந்து குழிந்திருக்கும். வெளிப்புறத்தை யாரும் தீட்டிவிடலாம், அந்த மடிப்பின் உட்புறத்தைத் தீட்டுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. சிறிய கல்லை அந்தக் குழிக்குள் வைத்து, இரண்டு விரலால், மூச்சை அடக்கியதுபோல் நான்கைந்து இழுப்பு இழுப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை மெல்ல வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல். நகத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த உளி முடிந்தது. மொண்ணை உளியால் வெட்டினால் பட்டை தடிமனாகப் போகும், மரத்தின் ஆயுள் குறையும், மண்டோரின் வாயில் விழ வேண்டும். ஆகவே இருபதுக்குக் குறையாத உளிகள் தினமும் அந்தத் திண்ணைக்கு வந்தன. உளி ஒன்றுக்குப் பத்துக் காசு, சம்பள நாளில் மொத்தமாக. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. என் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்: ஒரு வீட்டுக்கு மாட்டுக் கொம்பு, ஒரு வீட்டுக்குப் பிள்ளையார் சுழி, நொண்டி நடந்தவருக்கு ஒரு கோணல் கோடு. அடையாளத்துக்குப் பக்கத்தில் உளிக்கு ஒரு கீற்று. காசு தராதவரை அவர் துரத்தியதே இல்லை. ஆனால் கீற்றை அழிக்கவும் மாட்டார்.

தோட்டத்தின் கணக்கில் என் தாத்தா அன்றைக்கு இல்லை. துரையின் புத்தகத்திலும் இல்லை, கிராணியின் புத்தகத்திலும் இல்லை. அவர் தீட்டிய உளிகள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மரங்களைத் தொட்டன என்று யாரும் கேட்டதில்லை. அதற்காகவே தமக்கென ஒரு புத்தகம் வைத்துக்கொண்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. ஆயாம்மா கேட்ட கேள்விக்குப் பிறகுதான் அந்த நோட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருடைய தகரப் பெட்டியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு ஒன்றுதான். எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று, 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டச் சொன்னார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தாத்தா அந்தப் பத்து வெள்ளியை எப்படிப் புரட்டினார் என்று அப்பாவுக்கே தெரியாது.

கிழவர்கள் இல்லாத ஊர்கள்

நோட்டுகள் இழுப்பறையில் கிடந்த அந்த இரண்டு வாரத்தில் ஈப்போ நூலகத்துக்குப் போனபோது, கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளைப் பற்றிய பழைய சமூகவியல் நூல் ஒன்று கையில் கிடைத்தது. அதில் பாதி இஸ்ரேலின் கிபுட்ஸ்களைப் பற்றியது. அந்த மண் யாருடையது, யாரை விலக்கி யார் குடியேறினார்கள் என்ற கேள்வி மிகப் பெரியது. இந்நாட்டில் வாழும் எவரும் அதை மறந்துவிட்டு அந்தச் சொல்லை உச்சரிக்க முடியாது. நான் அங்கே தேடியது முதுமையைப் பற்றிய ஒரு சிறிய கணக்கை மட்டுமே. ஏனென்றால் ஊதியம், வீடு, சமையற்கட்டு, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் பொதுவில் வைத்த மனிதர்கள் முதுமையை என்ன செய்தார்கள் என்பதை, ஒரு மரண சகாய நிதியின் பொருளாளர் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

முதல் கிபுட்ஸான தெகானியா கலிலேயக் கடலின் தென்கரையில் தோன்றியது 1910-இல். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டதும் அதே 1910-இல். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஓர் ஒற்றுமை என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் தொடக்கத்தில் முதியவர்களே இல்லை. கிபுட்ஸை அமைத்தவர்கள் இருபது வயதுக்காரர்கள். பெற்றோரை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கள் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டி வந்தவர்களும் கைகால் திடமானவர்கள். உழைப்புக்கு ஆகாதவர்களுக்குத் திரும்பும் கப்பல் இருந்தது. 1930-களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரை அப்படித்தான் ஏற்றி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகுதான், வந்தவர்கள் இங்கேயே மூப்படையத் தொடங்கினார்கள். இரண்டு குடியிருப்புகளுமே உழைக்கும் உடம்பை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. முதுமை பின்னால் வந்து கதவைத் தட்டியது.

அதன்பின் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயின. கிபுட்ஸில் ஓய்வு வயது என்ற வெட்டுக்கோடு இல்லை. சம்பளமே இல்லாத இடத்தில் பேர் என்பது வேலைப் பட்டியலில் இருந்தது. வேலை ஒழுங்கு செய்பவர் மறுநாள் யாருக்கு என்ன வேலை என்று எழுதிப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டுவார். வயது ஏற ஏற அன்றாட வேலை நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வயலிலிருந்து துணி தைக்கும் அறைக்கும் சலவைக்கும் சமையற்கட்டுக்கும் இடம் மாறும். ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும். முதியவர்கள் உட்கார்ந்து செய்ய வேலை வேண்டும் என்பதும் பல கிபுட்ஸ்கள் தொழிற்சாலை தொடங்கியதற்கு ஒரு காரணம். 1980-களில் நடந்த ஆய்வுகள் கிபுட்ஸ் உறுப்பினர்களின் ஆயுள் அந்நாட்டுச் சராசரியைவிடக் கூடுதல் என்று காட்டின. இதைப் படித்தபோது எங்கள் தீர்மானத்தை எண்ணிச் சற்றுக் கூசினேன்.

ஆனால், அதே நூலின் பின்பகுதி வேறு கதையைச் சொன்னது. அங்கே முதியவர்களுக்குச் சேமநிதி இல்லை. அடுத்த தலைமுறை உழைக்கும், பொதுப் பணப்பெட்டி எப்போதும் நிறைந்திருக்கும் என்று நம்பி, பெரும்பாலான கிபுட்ஸ்கள் ஓய்வூதியத்துக்கென்று தனியே ஒதுக்காமலே இருந்துவிட்டன. அரசாங்கம் கொடுத்த முதியோர் தொகையும் அதே பொதுப் பெட்டிக்குள் போயிற்று. 1984-இல் அந்நாட்டின் பணவீக்கம் 400 விழுக்காட்டைத் தாண்டியது. 1985-இல் அரசு அதைக் கட்டுப்படுத்த முனைந்து வட்டி ஏறியபோது, கடன் வாங்கிப் பெருகியிருந்த கிபுட்ஸ்கள் தடுமாறின. இளையவர்கள் வெளியேறினார்கள். ஐம்பது வருடம் உழைத்தவர்கள், தம் பெயரில் ஒரு காசும் இல்லாமல், கடன்பட்ட ஒரு பொதுப் பெட்டியின் பங்காளிகளாக மிஞ்சினார்கள். பிறகு ஒவ்வொன்றாக வேலைக்கேற்ற சம்பளம் என்ற முறைக்கு மாறின. தெகானியாவே 2007-இல் மாறியது. அங்கெல்லாம் முதியவர்களுக்கு என்ன உறுதி கொடுப்பது என்பதே பெரிய வாதமாக இருந்தது.

எங்களுக்குச் சேமநிதிப் புத்தகம் கொடுத்தார்கள், பேரை வெட்டினார்கள். அவர்களுக்குப் பேரை விட்டு வைத்தார்கள், புத்தகமே கொடுக்கவில்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், 500 வெள்ளி வாடகைக்கு வீடு தேடும் ஒரு முதியவரிடம் போய்ப் பட்டியலில் பெயர் இருப்பதன் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. பணம்தான் முதலில். ஆனால், ஆயாம்மா என் வீட்டுக்கு வந்தது பணம் கேட்டு அன்று, பணம் கொடுக்க. அதை நான் சமூகவியலால் தாண்டிப் போக முடியவில்லை.

சும்மா இருப்பவர்

தோட்டம் செம்பனைக்கு மாறியபோது எங்கள் லயம் உடைந்தது. செம்பனைக்கு ரப்பரைப்போல் அத்தனை ஆள் தேவையில்லை. நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிக் குலையை அறுத்து இறக்கும் வேலை வாலிபர்களுக்கு உரியது; வயதான பெண்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்குவது மட்டும். அதற்கும் பின்னாளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளைகளே இல்லாமல் போனது. ஆயாம்மா 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்து, 25,000 வெள்ளி விலை வைத்த மலிவு வீடு ஒன்றுக்கு மகனின் பெயரில் முன்பணம் கட்டி, இந்தத் தாமானுக்கு வந்தார். மகன் இப்போது இல்லை. வீடு பேரனுடையது. பேரனும் அவன் மனைவியும் ஈப்போப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்குள் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். இரண்டு கொள்ளுப் பேரப் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பெரியவனைப் பள்ளி வேனில் ஏற்றி, சின்னவளை மாலைவரை பார்த்துக்கொள்வது ஆயாம்மா. ஏணை கட்டியிருப்பது கூடத்து விட்டத்தில். ஏறக்குறைய அறுபது வருடத்துக்கு முன் கொட்டகையில் கட்டிய அதே இரட்டை முடிச்சு.

அவரைப் பார்க்கப் போயிருந்தபோது பேரனிடம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல பையன், பாட்டிமேல் உயிர். "பாட்டிக்கு என்ன அண்ணே, வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றான். இரண்டு பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டால் அவன் மனைவியின் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. கேட்டால் உடனே கணக்குச் சொல்லுவான். ஆனால் அந்தக் கணக்கும் 'சும்மா' என்ற சொல்லும் அவன் தலையில் தனித்தனி அறைகளில் இருந்தன. அவனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆதரவில்லாத முதியவர்களுக்கு நலத்துறை கொடுக்கும் மாத உதவித்தொகை 2021-இல் 500 வெள்ளியாக உயர்ந்தபோது ஆயாம்மாவுக்காக விண்ணப்பம் நிரப்பியவன் நான்தான். பேரனின் சம்பளம் இருப்பதால் தகுதியில்லை என்று வந்தது. விதிப்படி சரியான முடிவு. ஆனால் அந்தத் தாளிலும் அவர் பேரனைச் சார்ந்தவர் என்ற கட்டத்தில்தான் இருந்தார். பேரனின் குடும்பம் அவரைச் சார்ந்திருக்கிறது என்று எழுதக் கட்டமே இல்லை. அந்தப் பாரத்தை நிரப்பியபோது எனக்கும் அது உறுத்தவில்லை.

நான் போடாத கணக்கு

இங்கே என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கணக்கெழுதும் நான், அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருமுன் கணக்குப் பார்க்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு பென்சிலை எடுக்க விடவில்லை. ஆயாம்மாவின் நோட்டுகளைக் கணக்கில் ஏற்றவும் முடியாமல் திருப்பவும் முடியாமல் தவித்த ஓர் இரவில்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

எங்கள் நிதியில் 92 உறுப்பினர்கள். மாதம் 5 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 5,520 வெள்ளி வரவு. முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டு சாவு விழும், 3,000 வெள்ளி செலவு, மீதி சேர்ந்தது. அப்படிச் சேர்ந்ததுதான் கையிருப்பு 18,000. கடந்த மூன்று ஆண்டுகளாகச் சராசரி ஐந்து சாவு, ஆண்டுக்கு 7,500. அதாவது இப்போதே ஆண்டுக்கு 1,980 வெள்ளி கையிருப்பிலிருந்து போகிறது. ஒன்பது வருடம் தாங்கும். 92 பேரில் 65-ஐக் கடந்தவர்கள் 38 பேர். அவர்களை விலக்கினால் வரவு 3,240 ஆகிவிடும், பள்ளம் 4,260 ஆகும், நிதி நாலே கால் வருடத்தில் முடிந்துவிடும். வழிமொழிந்த இளைஞர் சொன்ன அந்த 'நாம' யார் என்று பட்டியலில் விரலை வைத்து எண்ணினேன். கடந்த ஐந்து ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வருவார்கள், சந்தாவுக்கு வருவதில்லை. தெகானியா எங்கோ தொலைவில் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும் என்ற அதே நம்பிக்கை, என் கையெழுத்தோடு, எங்கள் கோயில் அலமாரியில் இருந்தது.

முதியவர்களை நாங்கள் தாங்குகிறோம் என்று கைதட்டிய மண்டபத்தை, உண்மையில் முதியவர்களின் 190 வெள்ளி மாதாமாதம் தாங்கிக்கொண்டிருந்தது. மலேசியா முழுவதற்கும் இதே பேச்சுத்தான் இப்போது. 2030-இல் மக்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்று அரசு கணித்திருக்கிறது. 'முதுமைச் சுமை' என்று நாளிதழ்கள் தலைப்புப் போடுகின்றன. தனியார் துறை ஓய்வு வயதை 2013-இல் 60-ஆக உயர்த்தினார்கள். சேமநிதியை எடுக்கும் வயது இன்னும் 55. எனக்கு இப்போது 58. நானும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதும், இன்னும் ஏழு வருடத்தில் என் தீர்மானம் என் பேரையே வெட்டியிருக்கும் என்பதும், அந்த இரவில்தான் புத்தியில் உறைத்தது.

பங்குனியில் சிறப்புக் கூட்டம் கூட்டி எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். வங்கி இளைஞர் முதலில் பேசினார்: அப்படியானால் சந்தாவை 8 வெள்ளியாக்குவோம், பெரியவர்களை விட்டுவிடுவோம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாத முதியவர்கள் நாலைந்து பேர் எங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 5 வெள்ளியும் பெரிய தொகை, அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். ஆயாம்மாவின் தன்மானத்தை எல்லோர் தலையிலும் கட்டக் கூடாது என்பது அவர் வாதம். இரண்டு மணி நேரம் இழுபறியாக இருந்தது. கடைசியில் சந்தா எல்லோருக்கும் 6 வெள்ளி என்றும், கட்ட முடியாதவர் பொருளாளரிடம் தனியே சொன்னால் கோயில் உண்டியலிலிருந்து அவர் பெயரில் கட்டிவிடுவது, புத்தகத்தில் வேறுபாடு தெரியக் கூடாது என்றும் முடிவாயிற்று. முறைப்பட்டியலைப் பற்றிப் பேச நேரமில்லை. அதை நானே உட்கார்ந்து, 38 பெயர்களையும் சேர்த்துத் திரும்ப எழுதினேன். ஆயாம்மாவுக்குக் கணக்கு 72 வெள்ளி ஆனது. மீதி 12 வெள்ளியைக் கேட்கப் போனபோது, இரண்டு ஐந்து வெள்ளி நோட்டையும் சில்லறையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, "ரசீது?" என்றார்.

சித்திரைப் பௌர்ணமி அன்னதானத்துக்கு அவருடைய முறை வந்தது. முருங்கைக் கீரை ஆய்கிற வேலை. மண்டபத்தின் பின்பக்கம் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணுக்கு அருகில் ஒவ்வொரு ஈர்க்காகப் பிடித்து உருவிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணிலும் இப்போது புரை படர்ந்திருக்கிறது. உருவியதில் காம்பும் பழுத்த இலையும் கலந்திருந்தன. அவர் நிரப்பிய தட்டை ஆறாம் படிவம் படிக்கும் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டு போய், தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஓசையில்லாமல் முழுவதையும் திரும்ப ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள், சொல்லிவிடாதீர்கள் என்பதைப்போல. எனக்குத் தொண்டை அடைத்தது. இதற்காகவா அவ்வளவு வாதாடினோம், பட்டியலில் பெயரை எழுதிவிட்டு வேலையை வேறொருத்தி தலையில் கட்டத்தானா என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்தேன்.

"அந்தப் புள்ள திரும்ப ஆயுதா?" என்றார் ஆயாம்மா, தலையை நிமிர்த்தாமலே.

நான் பேசாமல் இருந்தேன்.

"நான் கொட்டகைக்குப் போன புதுசுல அங்க ஒரு கெழவி இருந்துச்சுல்ல, அது கட்டுற ஏண முடிச்சு நிக்காது. கை நடுங்கும். அது அந்தாண்ட போனதும் ஒவ்வொரு ஏணையா அவுத்து நான் திரும்பக் கட்டுவேன். நாலு வருசம் கட்டுனேன். அதுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்." அடுத்த ஈர்க்கை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். "அப்பவும் கிராணி ரெண்டு பேருக்குந்தான் பேர் போட்டாரு."